அறுந்த நாணும் விறைத்த விரலும்: மலையகத் தோட்டங்களை முன்வைத்து ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

மலையகத் தமிழர் வரலாற்றை ஆராய்ந்தோர் குடிவரவு, கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகிய துறைகளிலேயே பெரிதும் கருத்தூன்றியுள்ளனர். தோட்ட மருத்துவத்தை எடுத்து நோக்கியோரும் கொள்ளைநோய், கொக்கிப்புழு, சிசு மரணம் என்பவற்றோடு நின்றுவிட்டனர். இவை யாவும் இன்றியமையாத ஆய்வுகளே. ஆயின், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலைத் தொழில் எதனை நம்பி நடந்ததோ அந்தக் கையைப் பற்றி, அது வெட்டுண்டபோது அதற்கு நேர்ந்த கதியைப் பற்றி, வரலாறு அதிகம் பேசவில்லை. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு உருட்டும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் எத்தனையோ மாற்றங்களைக் கண்டன. கொழுந்து பறிப்பது மட்டும் பெரும்பாலும் விரல்களின் வேலையாகவே இருந்து வந்துள்ளது.

அவ்வேலையைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளும்போது பெருவிரலின் நுனியும் சுட்டுவிரலின் நுனியும் மடங்கி ஒன்றையொன்று அழுத்துகின்றன. அதே வேளையில் மோதிர விரலும் சிறுவிரலும் ஏற்கனவே பறித்த இலைகளை உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்கின்றன. கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் எறியப்படுகின்றது. இவ்வாறு ஒரே கையின் விரல்கள் இரு வேறு தொழில்களை ஒரே கணத்தில் செய்கின்றன. நுனி மடங்காத சுட்டுவிரலை உடைய பெண் நாளடைவில் அதனை ஒதுக்கிவிட்டு நடுவிரலாற் கிள்ளப் பழகிக்கொள்வாள். வேலை நடக்கும், நிறை குறையும்.

கவ்வாத்து ஆண்களின் வேலை. உயர்ந்த மலைகளில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியின் தலையை வெட்டிச் சட்டம் அமைக்கும் இத்தொழிலில் வளைந்த கவ்வாத்துக் கத்தி மிகக் கூர்மையாகத் தீட்டப்பட்டிருக்கும். மழுங்கிய கத்தி கிளையைப் பிளந்துவிடும் என்பது காரணம். மழையில் நனைந்த பிடி வழுக்கினால், கிளையைப் பற்றியிருக்கும் மறுகையின் விரல்களே அதன் முன் நிற்கின்றன. புல்லறுக்கும் அரிவாள், விறகு பிளக்கும் கோடரி, தொழிற்சாலை இயந்திரம் என வேறு வழிகளும் உண்டு. எனினும் கத்தியின் வெட்டு தனி இயல்புடையது. காயம் சிறிதாகத் தோன்றும். உள்ளே நாண் முற்றாக அறுந்திருக்கும்.

தோட்டங்களில் இத்தகைய காயத்தைப் பற்றிக் கேட்டால், 'நரம்பு வெட்டுப்பட்டுப் போச்சு' என்பார்கள். மூளைக்குச் செய்தி கொண்டு செல்வது, குருதி ஓடுவது, தசையை எலும்போடு பிணைப்பது ஆகிய மூன்றையும் தமிழரின் நாட்டு வழக்கு நரம்பு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றது. சொல்லாட்சி பற்றிய சிறு விடயம்போல இது தோன்றினும், 'நரம்பைத் தைத்தாகிவிட்டது' என்று கேட்டு வீடு திரும்பும் ஒருவர் இனித் தமது வேலை எதுவுமில்லை என்று எண்ணுவதற்கு இம்மயக்கமும் ஓரளவு காரணமாகின்றது. தைக்கப்பட்ட நரம்பு தானாக வளர வேண்டியது. தைக்கப்பட்ட தசைநாணோ நோயாளியின் கையாலேயே, நாள்தோறும், அளவோடு அசைக்கப்பட வேண்டியது.

பெருவிரல் ஒழிந்த ஏனைய விரல் ஒவ்வொன்றையும் மடக்குவதற்கு இரண்டு நாண்கள் உள்ளன. ஒன்று நடு மூட்டையும் மற்றையது நுனி மூட்டையும் மடக்கும். இவற்றை இழுக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. விரலில் நாண் மட்டுமே உண்டு. உள்ளங்கையின் மேற்கோடு தொடங்கி விரலின் நடுப்பகுதி வரை இரு நாண்களும் எலும்போடு ஒட்டிய ஓர் இறுக்கமான உறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி ஓடுகின்றன. உடலில் ஆழமான காயங்கள் பெரும்பாலும் ஆறுவது தழும்பினாலேயே ஆகும். அறுந்த நாணின் இரு முனைகளையும் இணைப்பதும் தழும்பே. அந்த நாணைச் சுற்றியுள்ள உறையோடு பிணைத்துவிடுவதும் அதே தழும்பே. முன்னையது இல்லாவிடின் நாண் மீண்டும் அறும். பின்னையது மிகுந்தால் நாண் பொருந்தியிருந்தும் விரல் அசையாது. தசைநாண் சிகிச்சையின் நூற்றாண்டு வரலாறு முழுவதும் இவ்விரு தழும்புகளையும் எவ்வாறு பிரிப்பது என்ற வினாவைச் சுற்றியே நடந்துள்ளது எனலாம்.

அவ்வரலாற்றுக்கு முன், வெட்டுண்ட கை தோட்டத்தில் எங்கே கொண்டு செல்லப்பட்டது என்பதைக் காண்போம். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1880இலும் 1912இலும் மாற்றி எழுதப்பட்டது. இச்சட்டங்களின் பயனாக மாவட்ட வைத்தியசாலைகளும் தோட்டத்து டிஸ்பென்சரிகளும் தோன்றின. 1916ஆம் ஆண்டளவில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் தொடங்கியது. தொழிலாளரைத் தொகையாக எண்ணி, தொகையாகவே மருந்து கொடுக்கும் முறை அது. ஊழியர் படை நோயில் விழாதிருப்பதே தோட்ட நிருவாகத்தின் கவலை. ஒரு தனி ஆளின் ஒரு தனி விரல் அக்கணக்கிற்குள் வருவது அரிது.

1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் கருதத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு. தோட்டத்திற் பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளிக்க வேண்டும் என்றும், வைத்திய அதிகாரியின் அனுமதியின்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு அமர்த்தலாகாது என்றும் அது விதித்தது. அது எவ்வளவு தூரம் நடைமுறையிற் பேணப்பட்டது என்பது வேறு விடயம். உடல் தேறுவதற்குக் காலம் வேண்டும், அக்காலத்திற்கு வயிற்றுக்கும் வழி வேண்டும் என்ற உண்மையைச் சட்டம் பிரசவத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொண்டது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையிற் காயமுற்றோருக்கு உரிமை அளித்தபோது, அதன் அட்டவணை கை, பெருவிரல், விரல் என இழந்த உறுப்புகளை நூற்றுவீதக் கணக்கில் வரிசைப்படுத்தியது. துண்டிக்கப்பட்ட விரலை எவரும் எண்ணிவிடலாம். இருந்தும் மடங்காத விரலுக்கு விலை சொல்வதற்கு வைத்தியரின் மதிப்பீடும், அதனை எடுத்து வாதிட ஓர் ஆளும் வேண்டும்.

டிஸ்பென்சரியில் இருந்தவர் பெரும்பாலும் முழுமையான மருத்துவப் பட்டம் பெறாத உதவியாளரே. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்திற்கும் பிரசவத்திற்கும் அவர் ஆற்றிய பணி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. வெட்டுக் காயத்தைக் கழுவி, தோலைத் தைத்து, கட்டுப் போட்டு அனுப்புவதே அவர் செய்யக்கூடியது. உள்ளே நாண் அறுந்திருந்தால், விரைந்து சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பாதவிடத்து, அதன் மேல்முனை உள்ளங்கையை நோக்கிச் சுருங்கிவிடும். சில வாரங்கள் கழிந்தால் இழுத்துப் பொருத்துவது கடினம். புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்துவிட்டது உண்மையே. அது தேயிலைப் பெட்டிகளை இறக்கவும் அரிசி மூட்டைகளை ஏற்றவும் வந்த பாதை. லயத்திலிருந்து நிலையத்திற்கு உள்ள மலைப்பாதையையும், துரையின் துண்டையும், நாட்கூலி இழப்பையும் கடந்தே ஒருவர் அதில் ஏற முடியும்.

ஆயினும் நேர்மையாக ஒன்று கூற வேண்டும். அக்காலத்தில் ஹட்டனிலிருந்து ஒருவர் கொழும்புக்கு அன்றே கொண்டு செல்லப்பட்டிருந்தாலும், ஏன், இலண்டனுக்கே கொண்டு செல்லப்பட்டிருந்தாலும், அவரது விரல் மடங்கியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. அறிவியலே அப்போது அவ்வளவில்தான் நின்றது.

அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணரான ஸ்ரேலிங் பனல் 1918ஆம் ஆண்டில் விரல் நாண்களைப் பொருத்துவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நாண்கள் உறைக்குள் ஓடும் அந்தக் குறுகிய பகுதிக்கு, முதலாம் உலகப் போரில் இருதரப்புப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே எவரும் கால்வைக்க அஞ்சிய வெளிக்கு வழங்கிய பெயரையே அவர் இட்டார்: எவர்க்கும் உரித்தில்லா நிலம். அங்கே நாண் அறுந்தால் உடனே தைக்க வேண்டாம், தோலை மட்டும் மூடிவிட்டுப் பின்னர் வேறிடத்து நாணை எடுத்து ஒட்டுக என்பது அவர் காட்டிய வழி. 1944இல் வெளிவந்த அவரது கைச் சத்திரசிகிச்சை நூல் இக்கொள்கையை உலகெங்கும் பரப்பியது. 1941இல் மேசனும் அலனும் நாய்களில் நடத்திய ஆய்வு, தைத்த நாணின் வலிமை முதல் நாட்களில் குறைந்து பின்னரே மெல்லக் கூடுகின்றது எனக் காட்டியது. ஆகவே மூன்று வாரம் அசையாமற் கட்டிவைத்தலே பாதுகாப்பென்று கொள்ளப்பட்டது. கட்டை அவிழ்க்கும்போது நாண் அறுந்திருக்காது. உறையோடு உறுதியாக ஒட்டியிருக்கும். எந்த ஓய்வு நாணைக் காத்ததோ அதே ஓய்வு விரலை முடமாக்கியது.

இந்நிலை மாறுவதற்கு 1960கள் ஆகவேண்டியிருந்தது. சுவிற்சர்லாந்தின் குளோட் வேர்டன், விலக்கப்பட்ட அந்தப் பகுதியிலேயே உடனடியாகத் தைத்து நல்ல பயன் கண்டார். அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹரோல்ட் கிளைனேட் ஒருபடி மேலே சென்றார். விரல் நகத்திலிருந்து மணிக்கட்டுக்கு ஓர் இரப்பர் வளையத்தைக் கட்டி, புறங்கையில் ஒரு சிம்பை வைத்து, நோயாளி விரலைத் தானே நீட்டவும் இரப்பர் அதனை மடக்கவும் செய்தார். தைத்த நாண் இழுபடாமலேயே உறைக்குள் ஓடியது. 1967இல் அவர் இதனை எடுத்துரைத்தபோது துறைசார்ந்தோர் ஐயத்துடனேயே வரவேற்றனர். 1975இல் டுரானும் ஹவுசரும் வேறொரு பயிற்சியை முன்வைத்தனர். காயமுறாத கையால் காயமுற்ற விரலின் மூட்டுகளை நாளுக்குச் சில தடவை மெல்ல மடக்கி நீட்டினாற் போதும். நாண் மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் நகர்ந்தாலே இறுகிய ஒட்டு உண்டாகாது என்பது அவர்தம் முடிபு. நாண் சுற்றுப்புறத் திசுவின் துணையின்றித் தானே ஆறும் ஆற்றலுடையது என்பதைச் சுவீடனைச் சேர்ந்த லுண்ட்போர்க்கின் ஆய்வுகள் 1970களில் எடுத்துக்காட்டின. 1989இல் பெல்பாஸ்ற் நகரிலிருந்து, தைத்த சில நாட்களுக்குள் நோயாளி தன் விரலைத் தன் தசையாலேயே மடக்கத் தொடங்கும் முறை வெளியாயிற்று. எழுபது ஆண்டுகளில் ஓய்வு என்ற மருந்து அசைவு என்ற மருந்துக்கு இடம் கொடுத்துவிட்டது.

இவ்வரலாறு மேலைநாட்டு நகரங்களில் மட்டும் நடந்ததென எண்ணுதல் பிழை. அதன் ஓர் அத்தியாயம் தமிழகத்தில், தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட அதே மாவட்டங்களின் நடுவே எழுதப்பட்டது. சேலம் மாவட்டத்தின் கங்காணிமார் வழியாகப் பலர் கடல் கடந்த காலத்தில், 1914இல், அம்மாவட்டத்துக் கொல்லிமலையில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் போல் பிராண்ட். தச்சும் கட்டட வேலையும் பயின்றபின் இலண்டனில் மருத்துவம் கற்ற அவர் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையத்தில் ரொபேட் கொக்ரேன் என்பாருடன் சுற்றி வருகையில், மடங்கி முடங்கிய விரல்களை உடைய ஒரு நோயாளியின் கையில் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலி தாங்க முடியாத அளவுக்கு அந்தப் பிடி வலிதாயிருந்தது. சில தசைகள் செயலிழந்தாலும் வேறு சில தசைகள் முழு வலிமையோடு இருக்கின்றன என்பது அவருக்குப் புலனாயிற்று. 1948 தொடக்கம் அவர் நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் சத்திரசிகிச்சைகளை மேற்கொண்டார்.

அறுந்த நாணைத் தைப்பதும் நல்ல நாணை இடம் மாற்றுவதும் ஒன்றல்ல. எனினும் சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டிற்கும் ஒரே பகைவரே: ஒட்டும் விறைப்பும். மணிக்கட்டை இழுத்துவந்த நாண் இப்போது விரலை அசைக்க வேண்டும். அதனை மூளை புதிதாகக் கற்க வேண்டும். மூன்று வாரப் பிளாஸ்டருக்குப் பின் நாள்தோறும் பயிற்சி. வேலூரில் அமைக்கப்பட்ட புதுவாழ்வு நிலையத்தில் நோயாளிகள் எளிய குடிசைகளில் தங்கி, தச்சுப்பட்டறையில் கருவிகளைக் கையாண்டே விரல்களைப் பழக்கினர். கைக்குத் தக்கபடி கருவிகளின் பிடிகள் மாற்றப்பட்டன. பயிற்சியும் பிழைப்பும் அங்கே ஒன்றாயின. தச்சராய் இருந்த மருத்துவருக்கன்றி வேறெவருக்கும் இது எளிதிற் தோன்றியிருக்குமோ என்பது ஐயமே.

அப்பணியில் அவருடன் ஈடுபட்ட மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் புனர்வாழ்வு மருத்துவத்தில் உயர் பயிற்சி பெற்று, 1966இல் வேலூரில் உருவான புனர்வாழ்வு நிலையத்திற்கு வழிகாட்டினார். சென்னை ஸ்ரான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கைச் சிகிச்சைப் பிரிவு, ஆய்வையும் புனர்வாழ்வையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. கைக்குச் செய்யும் சத்திரசிகிச்சையைப் பின்தொடரும் வாரங்களிலிருந்து பிரிக்கலாகாது என்பது தமிழகத்தில் இவ்வாறு நிறுவன வடிவம் பெற்றது.

மலையகத்தில் அது நிகழவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசின் பொது வைத்திய சேவையோடு இணைக்கும் பணி இம்மாற்றங்களுக்கிடையே விட்டுவிட்டு நடந்தது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பெரிய வைத்தியசாலைகள் உள்ளன. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலை 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. முன்னைய தலைமுறைகளோடு ஒப்பிடுமிடத்து, வெட்டுண்ட நாணைத் தைக்கக்கூடிய கரங்கள் அண்மித்துவிட்டன. தைத்த பின் வரும் பன்னிரண்டு வாரங்களே இன்னும் தொலைவில் இருக்கின்றன.

அவ்வாரங்களின் ஒழுங்கு இது: முதல் நான்கைந்து வாரம் புறங்கைச் சிம்புக்குள் காவலான அசைவு, பின்னர் சிம்பின்றி மெல்லிய அசைவு, எட்டாம் வாரமளவில் சிறு எதிர்ப்புடன் கூடிய பயிற்சி, பன்னிரண்டாம் வாரத்தின் பின்பே பாரமான வேலை. கவ்வாத்துக் கத்தியும் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் இந்த இறுதி வகையைச் சேர்ந்தவை. ஹட்டனிலிருந்து கண்டி ஏறத்தாழ 70 கிலோமீற்றர். ஆனால் தூரத்தை இங்கு கிலோமீற்றரில் அளப்பதிலும் பேரில் அளப்பதே பொருந்தும். செக்ரோலில் விழும் ஒரு நாள் வேலைக்குப் பெயர் பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். வைத்தியசாலைக்குச் சென்ற நாளில் பேர் இல்லை. கூலிக்காகக் காலத்துக்கு முன்பே கத்தியைப் பிடித்தவரின் நாண் அறுகின்றது. அறுந்துவிடுமோ என்று அஞ்சித் துணியாற் சுற்றி வைத்திருந்தவரின் நாண் ஒட்டிக்கொள்கின்றது. இவ்விரு தீங்குக்கும் நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையைக் காட்டுவது இயன்மருத்துவரின் வேலை. அதனை நோயாளியின் மொழியில் விளக்கிச் சொல்லத்தக்க தமிழறிந்த ஊழியர் போதாமை மலையகத்தின் நெடுநாட் குறைகளில் ஒன்று.

இதில் ஒரு முரண் உண்டு. டுரான், ஹவுசர் காட்டிய பயிற்சிக்கு முதன்மையாக வேண்டுவன ஒரு பிளாஸ்டர்ப் பலகையும் மறு கையுமே. லயத்துக் காம்பராவில், அடுப்படியில் அமர்ந்து, எவரும் செய்யக்கூடியது அது. ஏழை நாட்டுத் தொழிலாளிக்கென்றே வகுக்கப்பட்டதோ எனத் தோன்றும் இம்முறை, எத்தனை தடவை, எவ்வளவு தூரம், எந்த மூட்டைப் பிடித்து என்பதை எவரேனும் அருகிருந்து சொல்லிக் கொடுக்காவிடின் பயன் தராது. கருவி மலிவானது, சொல்லிக்கொடுக்கும் நேரமே கிடைத்தற்கு அரியது.

ஏற்கனவே ஒட்டி விறைத்துவிட்ட விரலுக்கும் வழிகள் உள்ளன. ஒட்டுகளை வெட்டி நாணை விடுவிக்கும் இரண்டாவது சத்திரசிகிச்சை ஒன்று. முதற் சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் கழித்து, தழும்பு இளகிய பின்பே அதனைச் செய்வர். மறுநாளே அசைக்கத் தொடங்காவிடில் நாண் பழையபடி ஒட்டிவிடும். மடங்கி இறுகிய மூட்டை நீட்டுவதற்கு பிராண்ட் கைக்கொண்டது மற்றொரு வழி. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின்னும் அவர் அதனை விடவில்லை. இறுகிய விரலை முரட்டுத்தனமாக இழுத்தால் திசு கிழிந்து மேலும் தழும்பாகும். ஆகவே வலியில்லாத எல்லை வரை நீட்டி ஒரு மெல்லிய பிளாஸ்டர்க் குழாயை அணிவித்து, சில நாட்களில் அதைக் கழற்றி, இன்னும் சிறிது நீட்டி வேறொன்றை அணிவிப்பார். மெல்லிய இழுவையை நெடுநேரம் உணர்ந்த திசு தானே வளர்ந்து நீளும் என்பது அவர் கொள்கை. குளிர்ந்த மலைப்புறங்களில் விறைப்பு காலையில் மிகும் என்பதால், கையை முதலில் வெந்நீரில் வைத்துச் சூடேற்றுவதும் உதவும். ஒரு சுருள் பிளாஸ்டரும் ஒரு பாத்திரம் வெந்நீரும் எந்த மாவட்ட வைத்தியசாலையிலும் உள்ளவையே. குழாயை மாற்றுவதற்கு வாரத்தில் இரண்டு தடவையாவது வர வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பேர்.